நொசவா ஒன்சென்: பனிக்கும் வெந்நீருக்கும் நடுவே ஓர் ஊர்

ஜனவரி 9

குளிர்காலத்தில் டோக்கியோவின் வானம் பெரும்பாலும் மேகமில்லாமல் பளிச்சென்று இருக்கும். வேலை நிமித்தம் அங்கே குடியிருக்கும் எங்களைப் போன்றவர்கள் மெய்யான பனியைப் பார்க்க வேண்டுமானால் நடுவில் கிடக்கும் மலைத்தொடரைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். இந்த முறை விடுமுறைக்கு நானும் மனைவியும் தேர்ந்தெடுத்த ஊர், நகானோ மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் நொசவா ஒன்சென். பனிச்சறுக்குக்கென்று மலையில் புதிதாக எழுப்பப்பட்ட விடுதி நகரங்கள் ஜப்பானில் நிறைய உண்டு. அவற்றில் தங்கினால் சறுக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். ஊர் என்று ஒன்று இருக்காது. நொசவாவோ வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் பல நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்துவரும் கிராமம். பனிச்சறுக்கு அங்கே பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

ஹொகுரிகு ஷின்கான்சென் ரயிலில் ஈயாமா நிலையத்துக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். 2015 மார்ச்சில் இந்தத் தடம் கனசவா வரை நீட்டப்பட்டபோதுதான் ஈயாமாவுக்கு அதிவேக ரயில் வந்தது. கருய்சவா வரை நல்ல வெயில். நகானோ நகரம் கடந்து சுரங்கப் பாதைகளுக்குள் புகுந்து வெளியே வந்தபோது வயல், வேலி, வீட்டுக்கூரை என்று எதற்கும் தனி நிறம் இல்லை. சைபீரியாவிலிருந்து கிளம்பும் வறண்ட குளிர்காற்று, தன்னைவிட வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கரையேறுகிறது. மலையில் மோதி மேலெழும்போது அந்த ஈரம் அத்தனையையும் பனியாகக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு டோக்கியோ பக்கம் இறங்குகிறது. இத்தனைக்கும் இந்த ஊர் ஏதென்ஸ் நகரத்தைவிடத் தெற்கே இருக்கிறது. இங்கிருந்து சற்று வடகிழக்கே, ஈயாமா உள்ளூர் ரயில் தடத்தில் இருக்கும் மொரிமியானோஹரா நிலையத்தில் 1945 பிப்ரவரி 12 அன்று பனியின் உயரம் 7.85 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தைக் காட்ட நிலையத்தில் ஒரு கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள்.

நிலைய வாசலிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்துக்கும் குறைவு. கெனாஷி மலையின் அடிவாரச் சரிவில் ஊர் ஏறி ஏறிப் போகிறது. தெருக்கள் குறுகியவை, வளைந்தவை. சாலையோரக் கால்வாய்களிலிருந்து நீராவி எழுந்துகொண்டே இருக்கிறது, அதோடு லேசான கந்தக வாடையும். நாங்கள் தங்குவது ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே நடத்தும் சிறு விடுதி. வாசலில் காலணியைக் கழற்றும் பள்ளம், அதன் பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் உலர்த்தும் அறை. பனிச்சறுக்குக் காலணிகளும் கையுறைகளும் இரவு முழுக்க அங்கே தொங்கும். மாடியில் தத்தாமிப் பாய் விரித்த அறை. நடுவே கோதத்ஸு, அதாவது அடியில் மின்சூடு பொருத்தி மேலே கனத்த மெத்தை போர்த்திய தாழ்வான மேசை. இடுப்புக்குக் கீழே வெப்பம், மேலே மூச்சு தெரியும் குளிர். அறையின் ஒரு மூலையைவிட்டு மறு மூலைக்குப் போகவே மனம் வருவதில்லை.

ஜனவரி 10

விடிவதற்கு நெடுநேரம் முன்பே தெருவில் பனி அகற்றும் வண்டி உறுமும் சத்தத்தில் விழிப்பு வந்துவிட்டது. இரவில் முழங்கால் அளவு புதுப்பனி. ஜன்னலைத் திறந்து பார்த்தபோது, எழுபது வயதைத் தாண்டிய விடுதிக்கார அம்மா ஏற்கெனவே வாசலைத் துப்புரவு செய்து முடித்திருந்தார். அவர் கையில் இருந்தது ஸ்னோ டம்ப் என்ற கருவி. ஆள் அகலத்துக்கு ஒரு தகர வாரி, அதற்கு வளைந்த இரும்புக் கைப்பிடி. பனியைத் தூக்காமல், வாரியைப் பனிக்குள் செருகி, முழங்காலால் ஓர் உந்து உந்தி, அப்படியே வழுக்கிக் கொண்டுபோய்க் கால்வாயின் மூடியைத் திறந்து ஓடும் நீரில் கவிழ்த்துவிடுகிறார். இதில் பக்கத்து வீட்டுக்காரரோடு ஓர் ஒழுங்கும் இருக்கிறது: எல்லோரும் ஒரே நேரத்தில் கொட்டினால் கால்வாய் அடைத்துக்கொண்டு கீழ்த்தெரு வெள்ளக்காடாகிவிடும் என்பதால், மேலிருப்பவர் கீழிருப்பவரைப் பார்த்துத்தான் கொட்டுகிறார்.

காலைச் சாப்பாடு: சோறு, புளிக்கவைத்த சோயா விழுதான மிசோ கரைத்த சாறு, சுட்ட மீன், கடற்பாசித் தாள், ஒரு கிண்ணம் நொசவனாக் கீரை ஊறுகாய். மனைவி மீன் தொடாதவர். ஜப்பானியச் சமையலில் கண்ணுக்குத் தெரியாத மீன் எங்கும் உண்டு, ஏனென்றால் சாறுக்கு அடிப்படையே கட்சுஓ மீன் சீவல்தான். முன்பதிவின்போதே எழுதியிருந்ததால், விடுதிக்கார அம்மா அவருக்குத் தனியாகக் கொம்பு கடற்பாசியும் உலர்ந்த ஷீத்தாகே காளானும் ஊறவைத்த நீரில் மிசோ கரைத்துத் தந்தார். "புத்த கோயில் சமையலும் இப்படித்தான், எனக்குப் புதிதில்லை" என்று சொன்னார். அந்தச் சாறை நானும் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். மீன் சாறைவிட அதுவே எனக்குப் பிடித்தது.

பிறகு ஹிகாகே சரிவில் பனிச்சறுக்கு வகுப்பு. ஊர் நடுவிலிருந்து சரிவின் அடிவாரத்துக்கு, கூரை போட்ட நகரும் நடைபாதை ஏற்றிச் செல்கிறது. கனத்த காலணியும் தோளில் பலகைகளுமாக ஏறுவோருக்கு அது பெரும் உபகாரம். சொல்லிக்கொடுத்தவர் உள்ளூர் இளைஞர். முதலில் கற்பிப்பது விழுந்தால் எழுவது: பலகைகள் சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும், கீழ்நோக்கி இருந்தால் எழுந்த கணமே ஓடத் தொடங்கிவிடும். அடுத்தது நிற்பது. பலகைகளின் முனைகளை நெருக்கி வால்களை விரித்தால் உள்விளிம்புகள் பனியைக் கடித்து வேகம் குறையும். திரும்புவது அதன் பிறகு. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக்காலில் எடையைப் போட வேண்டும் என்பது முதலில் மூளைக்கு ஏறுவதில்லை. வளைவின் வெளிப்பக்கக் கால்தான் பாரம் தாங்குகிறது என்று உடம்புக்குப் புரிந்ததும் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. பயந்தவர் எல்லோரும் பின்னால் சாய்கிறார்கள். பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பாரமிழந்து, திருப்பச் சொன்னாலும் திரும்பாது. ஆகவே பயம் கூடக்கூட முன்னால் குனிந்து, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பால் காலணியின் நாக்கை அழுத்த வேண்டும். "கால்விரலைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்" என்று அந்த இளைஞர் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 11

இன்று முழுக்க வெந்நீர். கால்களில் நேற்றைய வகுப்பு மிச்சமிருந்ததால் வேறெதற்கும் வழியில்லை.

ஊரில் 13 பொதுக் குளியல் கூடங்கள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் உண்டியல் மட்டும் இருக்கிறது. மரத்தால் கட்டிய சிறு கட்டடம், ஆண்களுக்கு ஒரு கதவு, பெண்களுக்கு ஒரு கதவு, உள்ளே துணி வைக்கச் சில மாடங்கள், நடுவே ஒரு தொட்டி. ஊருக்கு நடுவில் எடோ காலக் கட்டடப் பாணியில் கூரை அடுக்கி நிற்கும் ஓயு என்ற கூடம்தான் எல்லா நிழற்படங்களிலும் வருவது. மருத்துவ புத்தரான யாகுஷியையும் அவருக்குக் காவலான பன்னிரண்டு தேவர்களையும் கூடத்துக்கு ஒருவராகப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். குளித்து முடித்து வெளியே வருகிற பெரியவர்கள் அந்தச் சிறு மாடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தெருவில் இறங்குகிறார்கள்.

விதிகள் எளியவை. ஆடை எதுவும் கூடாது. தொட்டிக்குள் இறங்கும் முன் வெளியே உட்கார்ந்து வாளியால் மொண்டு மொண்டு உடம்பைக் கழுவ வேண்டும். துண்டைத் தொட்டி நீரில் நனைக்கக் கூடாது. ஆடையின்றி அறிமுகமில்லாதவர்களோடு குளிப்பதில் நம்மவர்களுக்கு இருக்கும் கூச்சம் எனக்கும் இருந்தது. நீரின் சூடு அதை நொடியில் மறக்கடித்துவிட்டது. ஓயுவில் இரண்டு தொட்டிகள்: ஒன்று மிகச் சூடு, மற்றொன்று அதைவிடச் சற்றுக் குறைந்த சூடு, அவ்வளவுதான். குறைந்த சூட்டுத் தொட்டியிலேயே பாதம் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, கழுத்துவரை அமிழ்ந்திருந்த ஒரு கிழவர், "அசையாமல் இருங்கள், அசைந்தால்தான் சுடும்" என்றார். உண்மைதான். உடம்பை ஒட்டிய நீர் சற்றே ஆறி ஓர் உறையாக நின்றுவிடுகிறது. கையை வீசினால் அது கலைந்து புதுச் சூடு வந்து தாக்குகிறது. பொறுக்க முடியாதவர்களுக்குக் குளிர்நீர்க் குழாய் உண்டு, ஆனால் அதைத் திறப்பதற்கு முன் உள்ளிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது மரியாதை. இதமான சூடு வேண்டுவோர், அடிபட்ட கரடி ஒன்று கால் நனைத்துக் காட்டிக்கொடுத்த ஊற்று என்று கதை சொல்லப்படும் குமானோதெஅராய் கூடத்துக்குப் போகலாம்.

இந்தக் கூடங்களை நடத்துவது அரசோ நிறுவனமோ அல்ல. ஒவ்வொரு கூடத்தையும் சுற்றி இருக்கும் வீடுகள் சேர்ந்து யுநகாமா என்ற குழுவாக இயங்குகின்றன. முறை வைத்துத் தொட்டியை வடித்து, தேய்த்து, நிரப்புகின்றன, விளக்குச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. எங்கள் விடுதிக்கார அம்மாவின் வீட்டுக்கு இந்த வாரம் முறை என்பது, அவர் தேய்ப்பானும் வாளியுமாகப் புறப்பட்டபோதுதான் தெரிந்தது. குளியல் இலவசம் என்று பயண ஏடுகள் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கான விலையை யாரோ முதுகு வளைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உண்டியலில் நூறு யென் போடக்கூட மறந்து, தண்ணீர் கொதிக்கிறது என்று குறை சொல்லிப் போகும் பயணிகளை இன்று ஒரு மாலைக்குள்ளேயே நிறையப் பார்த்துவிட்டேன்.

ஊர் மேட்டில் ஓகாமா என்ற ஊற்றுத் தொகுதி இருக்கிறது. ஐந்து தொட்டிகளில் ஏறக்குறைய 90 பாகை வெந்நீர் கொப்பளிக்கிறது. இது ஊராரின் அடுக்களை: கீரை வேகவைப்பது, முட்டை அவிப்பது, கூடை முடையும் கொடியை நனைத்து மென்மையாக்குவது எல்லாம் இங்கேதான். வெளியார் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், உள்ளே போகக் கூடாது. அந்தச் சூட்டில் தவறி விழுந்தால் மீள முடியாது. ஒரு பெண்மணி வலைப்பையில் முட்டைகளைக் கட்டி நீரில் இறக்கிவிட்டு, கரையில் குந்தி இன்னொருவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். பயணிகளுக்கென்று சில குளியல் கூடங்களின் வாசலில் முட்டை அவிக்கச் சிறு பெட்டித் தொட்டிகள் விட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 12

ஜப்பானில் இது பனிச்சறுக்கு நாள். 1911 ஜனவரி 12 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை அதிகாரி தியோடோர் ஃபொன் லெர்ஹ், இங்கிருந்து மலைக்கு அந்தப்புறம் இருக்கும் தகாதா என்ற ஊரில் ஜப்பானியப் படைவீரர்களுக்கு முதன்முதலாகப் பனிச்சறுக்குக் கற்பித்தார். அவர் பயன்படுத்தியது ஒற்றைக் கோல். அவரிடம் கற்ற ஈயாமா புத்த பிக்கு ஒருவர் அடுத்த ஆண்டிலேயே அதைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார்.

அந்த நாளுக்குப் பொருத்தமாக இங்குள்ள ஜப்பான் பனிச்சறுக்கு அருங்காட்சியகத்தில் காலைப் பொழுதைக் கழித்தோம். 1923இல் ஊர் இளைஞர்கள் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1930இல் ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற ஆசான் ஹன்னெஸ் ஷ்னைடர் ஜப்பான் வந்தபோது இந்த மலையில் சறுக்கிக் காட்டினார். ஒரு சரிவு இன்றும் அவர் பெயரில் இருக்கிறது, அவர் கற்பித்த ஆஸ்திரிய ஊரான சாங்க்ட் அன்டோனும் நொசவாவும் 1971 முதல் சகோதர ஊர்கள். 1950இல் சறுக்குவோரைக் கம்பிவடத்தில் மேலே ஏற்றும் முதல் லிஃப்ட் ஓடியது. இதில் என்னைக் கவர்ந்த செய்தி, மலையில் சரிவுகளை வெட்டி லிஃப்டுகளை நடத்தியது அந்தச் சங்கமே என்பதும், 1963இல் அது அத்தனையையும் கிராம நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டது என்பதும்தான். வெந்நீரை வைத்திருந்ததைப் போலவே மலையையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று இவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இப்போது ஒரு நிறுவனம் நடத்துகிறது என்றாலும் அந்தப் பிடிப்பு போகவில்லை. 1998 நகானோ ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டிகள் இங்கே நடந்தன. 1992, 1994 ஒலிம்பிக்குகளில், பனிச்சறுக்குத் தாவலும் ஓட்டமும் சேர்ந்த நோர்டிக் கம்பைண்ட் குழுப் போட்டியில் தங்கம் வென்ற தகனோரி கோனோ இந்த ஊர்க்காரர். சில ஆயிரம் பேர் வாழும் ஒரு கிராமத்துக்கு இது சாதாரணம் அல்ல.

மதியம் கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் நகசாகா கோண்டோலாவில் மலையின் மேற்பகுதியில் இருக்கும் யமபிகோ வரை ஏறினோம். சறுக்குத்தளத்தின் அடி 565 மீட்டர், உச்சி 1650 மீட்டர் என்பதால் கீழே ஈரமாகவும் கனமாகவும் இருக்கும் பனி மேலே மாவாக உதிர்கிறது. பீச் மரக்காடு கோண்டோலாவின் கீழே நழுவிப் போயிற்று. உச்சியை நெருங்கியதும் ஊசியிலை மரங்களுக்குக் கிளை என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை: காற்றில் வந்த உறைபனித் துளிகள் ஒட்டி ஒட்டி, மரம் முழுக்க வெள்ளைக் கவசம் பூண்டு நின்றது. காற்று வரும் திசையை நோக்கியே அந்தப் பனி வளர்கிறது என்பதால், மரத்தைப் பார்த்தே இரவில் எந்தப்பக்கம் காற்றடித்தது என்று சொல்லிவிடலாம். இறங்குவதற்குக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் அகலக் குறைவான பாதையை எடுத்தோம். சரிவு குறைவு, ஆனால் ஒருபக்கம் பள்ளம் என்பதால் மனைவி மலைப்பக்கத்தை ஒட்டியே வந்தார். "ஏங்க, வேகமா போறதுல ஒண்ணும் இல்ல, நிக்கத் தெரிஞ்சா போதும்" என்று அவர் சொன்னது என்னைவிட ஒழுங்காக அவர் இறங்கியதன் ரகசியமாக இருக்கலாம்.

ஜனவரி 13

சாப்பாட்டைப் பற்றி விரிவாக எழுத இன்றைய நாள் உகந்தது.

நொசவனா இந்த ஊரின் பெயரைத் தாங்கிய கீரை. கிழங்கு வகைச் செடி; ஆனால் கிழங்கு சிறுத்து, இலை ஒரு மீட்டர் அளவுக்கு நீள்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இங்குள்ள கென்மெய்ஜி கோயிலின் பிக்கு ஒருவர் ஒசாகா பக்கத்திலிருந்து தென்னோஜிக் கிழங்கின் விதையைக் கொண்டுவந்து விதைத்ததாகவும், மலைக்குளிரில் அது இப்படி மாறிவிட்டதாகவும் ஊரில் சொல்கிறார்கள். உறைபனி விழுந்து இலை மென்மையான பிறகு, நவம்பரில் அறுவடை செய்து, ஊற்று வெந்நீரில் கழுவி, பீப்பாயில் உப்புப் போட்டு அடுக்கி மேலே கல் வைத்துவிடுகிறார்கள். ஊறத் தொடங்கியதும் பச்சை நிறமும் கடித்தால் நறுக்கென்ற முறிவும் இருக்கும். மாதங்கள் போகப்போகப் பழுப்பு மஞ்சளாகிப் புளிப்பேறும், நம் வீட்டு நார்த்தங்காய் ஜாடியில் அடியில் கிடப்பதற்கு வரும் மதிப்பு இதற்கும் வரும். விடுதிக்கார அம்மா கொல்லைப்புறக் கொட்டகையில் பீப்பாயைத் திறந்து காட்டினார். மேலே மெல்லிய பனிக்கட்டிப் படலம். அதை உடைத்துக் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, பிழிந்து, விரலளவாக நறுக்கித் தேநீரோடு வைத்தார். இங்கே விருந்தாளிக்குத் தேநீரோடு இனிப்பைவிட முதலில் வருவது இந்த ஊறுகாய்தான்.

இதே கீரையை எண்ணெயில் வதக்கி உள்ளே வைத்த ஓயாகி என்ற மாவுருண்டை தெருவில் ஆவி பறக்கக் கிடைக்கிறது. பூசணி, கத்தரிக்காயும் மிசோவும், இனிப்புச் சிவப்புப் பயறு என்று வேறு உள்ளீடுகளும் உண்டு. சறுக்கிவிட்டு வரும் பசிக்கு இரண்டு உருண்டை போதும். பக்வீட் நூடுல்ஸ் கடைகளில் சாறு விஷயத்தில் மனைவிக்குத் தொல்லை. ஒரு கடையில் நூடுல்ஸை உப்பு மட்டும் தொட்டுச் சாப்பிடச் சொன்னார்கள், அந்த மாவின் மணம் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. ஈயாமாப் பக்கத்துக்கே உரிய இன்னொன்று சசாசுஷி: அகன்ற மூங்கில் இலை மேல் பிடிசோறு, அதன்மேல் மலைக்கீரை, அக்ரூட், மிசோவில் ஊறிய முள்ளங்கி. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் உஎசுகி கென்ஷின் இந்த வழியாகப் போருக்குப் போனபோது ஊரார் கொடுத்ததாகக் கதை. தட்டு இல்லை, குச்சி இல்லை, இலையை உரித்துக்கொண்டே நின்றபடி தின்றுவிடலாம் என்பதால் கதையை நம்பத் தோன்றுகிறது.

ஆனால் என் கணக்கில் முதலிடம் இமோநமசுவுக்கு. உருளைக்கிழங்கைத் தலைமுடி அளவுக்கு மெல்லிய இழைகளாகச் சீவி, நீரை மாற்றி மாற்றி ஓர் இரவு ஊறவைக்கிறார்கள். மாவுச்சத்து முழுவதும் போனபின் பிழிந்து, எண்ணெயில் இழை கண்ணாடியாகும் வரை மட்டும் வதக்கி, காடி, சர்க்கரை, உப்பு சேர்த்து இறக்கிவிடுகிறார்கள். குழையவே குழையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டால் உருளைக்கிழங்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முள்ளங்கிக்கும் பச்சை மாங்காய்க்கும் இடைப்பட்ட ஒரு கடிப்பு. நல்ல நாள் பெரிய நாளுக்குச் செய்வது என்று அம்மா சொன்னார். மனைவி அடுக்களையிலேயே நின்று ஒவ்வொரு படியையும் கவனித்தார்.

இன்று நல்ல நாளாக ஆனதற்குக் காரணம் உண்டு. பிற்பகலில் பெரிய பீச் மரங்களைக் கயிறு கட்டி மலைச்சரிவிலிருந்து ஊருக்குள் இழுத்து வந்தார்கள். தடித்த மரத்தின் மேல் ஒருவர் ஏறி நின்று குரல் கொடுக்க, நீலச் சட்டை அணிந்த ஆண்கள் ஒரே மூச்சில் இழுத்தார்கள். வளைவில் மரம் சிக்கிக்கொண்டபோதெல்லாம் இழுப்பை நிறுத்தி, பார்த்து நின்றவர்களுக்குச் சாகே என்ற அரிசி மது ஊற்றிக் கொடுத்தார்கள். நாளை மறுநாள் நடக்கும் தோசோஜின் தீத்திருவிழாவுக்கு இந்த மரங்கள்.

ஜனவரி 14

பனிப்புயல். மேலே காற்று பலமாக இருந்ததால் கோண்டோலா ஓடவில்லை. துணி துவைத்தோம், அஞ்சலகம் போனோம், ஊர்க் கடையில் ஆப்பிளும் எனோகி காளானும் வாங்கினோம். அகேபிக் கொடியால் பின்னிச் சக்கரம் வைத்த புறாப் பொம்மை இந்த ஊரின் கைவினை. விலையைப் பார்த்ததும் கையிலெடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டேன். ஒன்றைப் பின்னுவதற்குப் பிடிக்கும் நேரத்தை விற்பனையாளர் சொன்னபோது அந்த விலை குறைவு என்றுதான் பட்டது. இரவு முழுக்கக் கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும் ஓசை வீட்டை அதிரவைத்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 15

தோசோஜின் எல்லையையும் வழியையும் காக்கும் தெய்வம். இணையராகச் செதுக்கப்பட்ட சிறு மரப்பாவைகளை வீடுதோறும் வைத்திருக்கிறார்கள். ஊர்க்கோடித் திடலில் எழும்பிவிட்ட மரக் கோபுரம் ஏறக்குறைய 18 மீட்டர் உயரம்; இழுத்து வந்த பீச் மரங்கள்தான் அதன் தூண்கள், கயிறும் கிளைகளும் மற்றவை. ஜப்பானிய நம்பிக்கையில் ஆண்களுக்கு 25, 42 ஆகிய இரண்டும் கண்டமான வயதுகள். 42 வயதுக்காரர்கள் கோபுரத்தின் உச்சியில் ஏறி அமர்கிறார்கள். 25 வயதுக்காரர்கள் அடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். ஊர் முழுவதும் தீப்பந்தம் ஏந்தி வந்து கோபுரத்தைக் கொளுத்தப் பார்க்கும். இவர்கள் பைன் கிளைகளாலும் வெறும் உடம்பாலும் அதைத் தடுக்க வேண்டும். நாட்டின் முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்து என்று 1993இல் அரசு இதை அறிவித்தது.

ஓர் பழைய குடும்பத்தின் வீட்டில் தீக்கல்லில் மூட்டிய நெருப்பு, இரவு எட்டரை மணிக்கு மேல் திடலுக்கு வந்து பெருந்தீயாக வளர்ந்தது. முதலில் சிறுவர்கள், தகப்பன்மார் கைபிடித்துச் சிறு பந்தங்களோடு போனார்கள். பிறகு பெரியவர்கள். எரியும் சுள்ளிக் கட்டைத் தோளில் வைத்து ஓடிவந்து, கோபுரத்தின் அடியில் நிற்கும் இளைஞர்கள் மேல் நேராகவே அறைகிறார்கள். தீப்பொறி பெருமழையாகக் கொட்டுகிறது. மேலே அமர்ந்தவர்கள் பாடிக்கொண்டும், "இவ்வளவுதானா?" என்று கீழே கத்திச் சீண்டிக்கொண்டும் இருந்தார்கள். முகம் முழுக்கக் கரியும் உதட்டில் இரத்தமுமாக வரிசையிலிருந்து வெளியே இழுக்கப்பட்ட ஓர் இளைஞர், பனியை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டு மறுபடி உள்ளே ஓடினார். பனிச்சறுக்குக் கற்பித்தவர் அவர்தான் என்பதை மனைவிதான் அடையாளம் கண்டு சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் நீடித்த இந்தச் சண்டையில் பகைமை எதுவும் இல்லை. நாளைக் காலை இவர்கள் எல்லோரும் ஒரே தொட்டியில் அமர்ந்து குளிக்கப் போகிறவர்கள். 40, 41, 42 வயதுக்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இந்தத் திருவிழாவைச் சுமக்கிறார்கள் என்பதையும், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் அதற்காக விடுப்பெடுத்து வருகிறார்கள் என்பதையும் பக்கத்தில் நின்ற ஒருவர் விளக்கினார். கடைசியில் இரு தரப்பும் கைதட்டி முடித்துக்கொண்டு, கோபுரத்துக்குத் தீ வைத்தார்கள். முந்தைய ஆண்டில் தலைமகன் பிறந்த வீடுகள் கொண்டுவந்து நிறுத்தியிருந்த, காகிதங்கள் தொங்கும் விளக்குத் தூண்களும் அதோடு எரிந்தன. விலகி நின்ற எங்கள் முகம் பொரிந்தது, முதுகோ விறைத்தது. தங்கள் வாகனத்தை நிறுத்த இடமில்லை என்று ஒரு பயணியர் கூட்டம் காவலர்களோடு வாதாடிக்கொண்டிருந்தது. திருவிழா தங்களுக்காக நடத்தப்படும் கண்காட்சி அல்ல என்பதை அவர்களுக்கு யாராவது ரயிலேறும் முன்பே சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 16

காலையில் திடலுக்குப் போனால், புகையும் தணல்மேட்டைச் சுற்றி ஊர்க்காரர்கள் நீண்ட குச்சிகளில் அரிசிக் கொழுக்கட்டையான மோச்சியைச் செருகிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தணலில் சுட்டதைத் தின்றால் ஆண்டு முழுக்கச் சளி பிடிக்காதாம். விடுதிக்கார அம்மா எங்களுக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். மேலே கருகி, உள்ளே இழுத்தால் நீளும் மோச்சி; சாம்பல் ருசி தூக்கலாகவே இருந்தது.

பேருந்துக்கு நேரம் இருந்ததால் ஹிகாகே சரிவில் கடைசியாகக் கொஞ்சம் சறுக்கினோம். இரவில் பனியைச் சமன்செய்யும் பெல்ட் வண்டிகள் வாரிவிட்டுப் போன வரிகள் அழியாமல் இருந்தன. அதில் பலகை ஓடும்போது கால் வழியாக ஒரு மெல்லிய அதிர்வு ஏறுகிறது. பலகைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்தபோது, விடுதிக்கார அம்மா நொசவனா ஊறுகாயை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் கட்டி, ரயிலில் வாடை வராமல் இருக்க மேலே ஒரு செய்தித்தாளும் சுற்றிக் கொடுத்தார். மனைவியின் கவலை வேறு: டோக்கியோக் கடைகளில் கிடைக்கும் உருளைக்கிழங்கு இமோநமசுவுக்குத் தாங்குமா என்பது. "மாவு அதிகமுள்ளது வேண்டாம், நீரை மட்டும் சோம்பாமல் மாற்றுங்கள்" என்று பதில் வந்தது. ஈயாமா செல்லும் பேருந்து பனியால் இருபது நிமிடம் தாமதம். அதற்குள் தெருமுனைக் கடையில் பூசணி ஓயாகி வாங்கிக்கொண்டோம்.